தனிஸ்லேஸ் என்று தேடியவர்

ஏற்காட்டில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஏரிக்குப் போகிற ரோட்டில் இருந்தது பனிமலர் லாட்ஜ். அங்கே ஆரோக்கியசெல்வி பன்னிரண்டு வருசம் வேலை பார்த்தாள். வந்தவர்களுக்குச் சாவி கொடுப்பாள், ரிஜிஸ்தரில் பேர் எழுத வைப்பாள், ரூம் கேட்டு வரும் கடிதங்களுக்கு டைப் அடித்துப் பதில் போடுவாள். காபி எஸ்டேட் கங்காணி ஒருவரின் மகள். மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது, பஜாரில் டைப்ரைட்டிங் ஹையர், அவ்வளவுதான் படிப்பு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்ட பெண்டுகளிடம், "உங்க பையனைக் குடுங்க, நாளைக்கே பண்ணிக்கறேன்" என்பாள். அதற்கப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்?

தொண்ணூற்றெட்டாம் வருசம் லாட்ஜுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. முதலாளி பொன்னுவேலின் மருமகன் பெங்களூரில் இருந்துகொண்டு, லாட்ஜுக்கென்று இன்டர்நெட்டில் ஒரு பக்கமும் செய்து கொடுத்தார். பொன்னுவேலுக்குத் தலைகால் புரியவில்லை. "ஏம்மா செல்வி, அமெரிக்காக்காரன் ஏற்காடுன்னு தட்டுனா மொத ஆளா நம்ம லாட்ஜ் வந்து நிக்கோணும்" என்று உட்கார்ந்தார். தட்டிப் பார்த்தால் யார் யாரோ வந்தார்கள், ஊட்டியும் கொடைக்கானலும் வந்தன, பனிமலர் மட்டும் வரவில்லை. மனுசனுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே! கேட்டதைத் தேடிக் கொடுக்கிற சர்ச் எஞ்சின் என்ற ஆளையே சேலத்துக்குப் போய்ப் பிடித்து உலுக்கிவிடுவார் போல இருந்தது.

சேலத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த மரியதாஸ் மூன்று சி.டி. கொடுத்தனுப்பினார். "மூணும் முப்பது நாளைக்கு ஓசிங்க. எது ஒத்து வருதோ அதை வெச்சுக்குங்க" என்றார். முதல் சி.டி.யில் இருந்த சாஃப்ட்வேர், நம் பக்கத்தின் விலாசத்தை நானூறு சர்ச் எஞ்சின்களுக்கு ஒரே மூச்சில் அனுப்பிவிடும் என்று அட்டையில் பீற்றிக்கொண்டது. செல்வி நம்பி அனுப்பினாள். மறுவாரம் தலைமயிர் வளர்க்கிற தைலம், உடம்பு இளைக்கிற மாத்திரை என்று முந்நூறு விளம்பர மெயில் வந்து குவிந்தது. லாட்ஜ் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இரண்டாவது சி.டி. வார்த்தைகளை எண்ணும். ஏற்காடு என்று போட்டது பத்தாது, இன்னும் போடு, இன்னும் போடு என்று நச்சரிக்கும். அது சொன்னபடி கேட்டுப் பார்த்ததில், சாமி வந்தவன் பிதற்றுகிற மாதிரி 'ஏற்காடு லாட்ஜ், ஏற்காட்டில் லாட்ஜ், லாட்ஜுக்கு ஏற்காடு' என்று பக்கம் பூராவும் உளறலாகப் போய்விட்டது. அதையும் மூட்டை கட்டினாள்.

மூன்றாவதுதான் அவளுக்குப் பிடித்தது. நாம் கொடுக்கிற வார்த்தைகளை வாரத்துக்கு ஒருதரம் அதுவே சர்ச் எஞ்சினில் தட்டிப் பார்க்கும். நம் பக்கம் எத்தனையாவது இடத்தில் வந்தது என்று குறித்து வைக்கும். எஸ்டேட்டில் காலையில் ரைட்டர் செக்ரோல் என்கிற ஆஜர் நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார், ஆட்கள் 'இருக்கேனுங்க' என்பார்கள், அவர் புள்ளி வைப்பார். அதே வேலையைத்தான் இந்த சாஃப்ட்வேர் செய்தது. செல்வி அதற்குச் செக்ரோல் என்றே பேர் வைத்து, அதையே வாங்கிக் கொடுக்கச் சொன்னாள். திங்கட்கிழமை காலை பத்து பத்துக்கு அது தானாக ஓடும்படி வைத்தாள். அந்த நேரத்துக்கு ரூம் காலி செய்கிறவர்கள் போய்விடுவார்கள், போன் சும்மா கிடக்கும்.

ஆனால் லாட்ஜை மேலே கொண்டுவந்தது எந்த சி.டி.யும் இல்லை, அவளுடைய பன்னிரண்டு வருச ரிஜிஸ்தர்தான். ஏற்காடு என்று இங்கிலீஷில் எழுதச் சொன்னால் பத்துப் பேரில் ஆறு பேர் தப்பாகத்தான் எழுதுவார்கள். ஒருத்தர் ஒய்யில் ஆரம்பிப்பார், ஒருத்தர் ஈயில் ஆரம்பிப்பார். கடைசியில் டீ போட்டு முடிப்பவர்கள் உண்டு, யூ போட்டு முடிப்பவர்களும் உண்டு. ரிஜிஸ்தரில் எழுதுகிற அதே கைதானே கம்ப்யூட்டரிலும் தட்டும்? பழைய ரிஜிஸ்தர்களை எல்லாம் இறக்கி, தப்பு எழுத்து இருபத்திரண்டைப் பொறுக்கி எடுத்தாள். அதைப் பக்கத்தில் வெளிப்படையாகப் போட்டால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்களே! மரியதாஸ் போனில் வழி சொன்னார்: "அடியில வெள்ளை மேல வெள்ளை எழுத்துல அடிச்சு உடுங்க. மனுசன் கண்ணுக்குத் தெரியாது. மெஷினுக்குத் தெரியும்." அடித்து விட்டாள். ஒரே மாசத்தில் தப்பாகத் தட்டினவர்கள் எல்லோருக்கும் பனிமலர் முதல் இடத்தில் வந்து நின்றது. பொன்னுவேல் ஸ்வீட் வாங்கி ஊரெல்லாம் கொடுத்தார்.

அந்த வெள்ளை எழுத்துக்கு அடியில், யாரிடமும் சொல்லாமல், செல்வி இன்னொரு தப்பு எழுத்தையும் போட்டு வைத்தாள். அவள் அண்ணனுடைய பேர்.

அண்ணன் பேர் ஸ்தனிஸ்லாஸ். ஞானஸ்நானத்தில் சாமியார் வைத்த பேர். கங்காணியின் நாக்குக்கு அது எப்படி வரும்? பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அவர் சொன்னதைக் கேட்டு வாத்தியார் தன் இஷ்டத்துக்கு எழுதினார். முன்னாடி இருக்கவேண்டிய எஸ்ஸை விழுங்கிவிட்டு டீ-எச்சில் ஆரம்பித்தார், கடைசியில் எல், ஏ, சி, ஈ என்று ஷூ கட்டுகிற லேஸைக் கொண்டுவந்து ஒட்டினார். தனிஸ்லேஸ்! சர்டிபிகேட்டிலும் அதுதான், டிரைவர் லைசென்ஸிலும் அதுதான். கூடப் படித்தவர்கள் 'டேய் லேஸு' என்றுதான் கூப்பிட்டார்கள். உலகத்தில் எத்தனையோ ஸ்தனிஸ்லாஸ் இருப்பார்கள். அந்த எழுத்தில் ஒரே ஒருத்தன்தான் இருந்தான்.

அவன் லாரி ஓட்டினான். தொண்ணூறாம் வருசம் பம்பாயில் வேலை என்று போனான். இரண்டு போஸ்ட் கார்டு வந்தது, அப்புறம் ஒன்றும் வரவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள், பம்பாய்க்கு ஆள் அனுப்பிப் பார்த்தார்கள், சேர்வராயன் கோயிலில் குறிகூடக் கேட்டார்கள். கோயில் மாறிக் கும்பிட்டதற்குச் சாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். அப்பா முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தார். அம்மா தொண்ணூற்றாறில் சாகும்போது வாசலைப் பார்த்துக்கொண்டே செத்தாள். சொந்த ஊரான வாழவந்தியில் அந்த வீட்டில் மிஞ்சியது இரண்டு பேர். ஒருத்தி செல்வி, இன்னொருத்தி அவன் பெண்டாட்டி சாந்தாமேரி. பிள்ளை இல்லை. ஹாஸ்டலில் சமையல் வேலை. போகிறேன் என்று ஒரு நாள்கூடச் சொல்லாமல் மாமியாருக்குக் கடைசிவரைக்கும் எல்லாம் செய்தாள்.

அந்தச் சாந்தாமேரியை, ஜீப் ஓட்டுகிற அருள்சாமி கேட்டு வந்தார். பெண்டாட்டியை இழந்தவர், இரண்டு பெண் குழந்தைகள். ஒன்பது வருசமாகத் தகவலே இல்லாதவரை இறந்தவராக எடுத்துக்கொள்ளலாம் என்று ஆயர் இல்லத்திலிருந்து காகிதமும் வந்துவிட்டது. செல்விக்குச் சந்தோசம்தான். அண்ணிக்கு முப்பத்தாறு வயசு. இன்னும் எத்தனை நாளைக்கு ஊரான் பிள்ளைகளுக்குச் சோறு வடித்துக்கொண்டிருப்பாள்? தொண்ணூற்றொன்பது ஆகஸ்டில் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டும். தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லவேண்டும். முதல் ஓலை முடிந்தது. இரண்டாவது ஓலையும் முடிந்தது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் அந்த வரி கண்ணில் பட்டது.

லாட்ஜின் பக்கத்தை இன்டர்நெட்டில் வைத்திருந்த கம்பெனி செவ்வாய்தோறும் ஒரு கணக்கு மெயிலில் அனுப்பும். எத்தனை பேர் வந்தார்கள், என்ன வார்த்தையைத் தேடி வந்தார்கள், எந்த நேரத்தில் வந்தார்கள் என்று இருக்கும். செல்வி மேலே இருக்கிற பத்து வரியைப் பார்த்து முதலாளியிடம் சொல்வாள், அதோடு சரி. அன்றைக்கு மழை, லாட்ஜில் ஆளே இல்லை, ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. பொழுது போகாமல் கடைசிவரைக்கும் இறக்கிக்கொண்டே போனாள். அடியில் நின்றது: டீ, எச், ஏ, என், ஐ, எஸ், எல், ஏ, சி, ஈ. தேடி வந்தவர் ஒருவர். ஞாயிறு இரவு ஒன்பது நாற்பது.

முந்தின வாரக் கணக்கைத் தேடித் திறந்தாள். அதிலும் இருந்தது, ஞாயிறு, ஒன்பது நாற்பது. அதற்கு முந்தின வாரமும் இருந்தது. ஐயோ, பதினோரு வாரமாக யாரோ ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உட்கார்ந்து, லேஸ் என்று முடிகிற அந்தப் பேரைத் தட்டி, தேடிக் கண்டுபிடித்து, பக்கத்துக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போயிருக்கிறார்கள்! அந்த எழுத்தில் அவன் பேரை எழுதத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருத்தி இங்கே நாற்காலியில் இருக்கிறாள். அப்படியானால் இன்னொருத்தன்?

கடைசி பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. மழையில் நனைந்துகொண்டே ஜீப்பில் தொற்றி வாழவந்தி போய்ச் சேர்ந்தாள். "அண்ணி, அண்ணன் உசுரோட இருக்குதுங்க." சாந்தாமேரி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. செல்வி பிரிண்டு எடுத்து வந்த காகிதத்தை வாங்கி, ஒன்றும் புரியாவிட்டாலும், அந்தப் பத்து எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். காலையில் சாமியாரிடம் போய் மூன்றாவது ஓலையை நிறுத்தச் சொல்லிவிட்டு நேராக ஹாஸ்டலுக்கு வேலைக்குப் போனாள்.

அருள்சாமி லாட்ஜுக்கு வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். "இதுக்குள்ளயா இருக்காரு?" என்றார். பாவம், கிண்டல் இல்லை, நிசமாகவே கேட்டார். "அவரு இருக்காருன்னா நான் ஒதுங்கிக்கறதுதான் மொறைங்க. ஆனா பொட்டப்புள்ளைக ரெண்டும் அம்மா எப்ப வருவாங்கன்னு தெனமும் கேக்குதுங்க. கிறிஸ்மஸுக்கு முந்தித் திருவருகைக் காலம் வந்துட்டாக் கோயில்ல கல்யாணம் கெடையாது. அதுவரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லீருங்க."

அதற்கப்புறம் செல்வி நடந்துகொண்டதை என்னவென்று சொல்ல? புத்தியுள்ள பெண், நானூறு எஞ்சின் என்று பீற்றிய சி.டி.யை ஒரே வாரத்தில் தூக்கிப் போட்டவள். அவளே இப்போது வெள்ளை எழுத்துக்கு அடியில் கடிதம் எழுத ஆரம்பித்தாள். 'அண்ணா, அம்மா போய்விட்டது.' 'அண்ணா, அண்ணி இன்னும் இங்கேதான் இருக்கிறது.' 'அண்ணா, லாட்ஜ் நம்பர் இதுதான், ஒரு போன் போடு.' மௌஸை வைத்து இழுத்தால் நீலப் பட்டைக்குள் அந்த வரிகள் எழுந்து வரும், விட்டால் மறைந்துவிடும். செவ்வாய் வரும், கணக்கு வரும், ஞாயிறு ஒன்பது நாற்பதுக்கு அவன் வந்து போயிருப்பான். பதில் மட்டும் இருக்காது. எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் பேசாமல் போகிறானோ என்று நினைக்கும்போது அவளுக்குப் பயமாக இருந்தது. போன் லைன் பிடிக்கும்போது மோடம் போடுகிற கீச்சலைக் கேட்டாலே உடம்பு சிலிர்த்தது. அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவதுபோல இருக்கும். கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி உட்காரவே அவளால் முடியவில்லை, நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

வீட்டிலும் அதே கதைதான். சாந்தாமேரி இரண்டு ஆளுக்குப் பதில் மூன்று ஆளுக்குச் சோறு வடித்தாள். மிஞ்சியதைக் காலையில் பேசாமல் தண்ணீர் ஊற்றிக் குடித்தாள். செல்விக்கு உள்ளூர ஒரு உறுத்தலும் இருந்தது, அதையும் சொல்லிவிடவேண்டும். அண்ணி கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டால் அந்த வீட்டில் தான் ஒத்தையாக இருக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஓலை நின்றபோது மனசின் ஏதோ ஒரு மூலையில் 'அப்பாடா' என்று இருந்தது. அதை நினைத்து நினைத்து வெட்கப்பட்டாள்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை பொன்னுவேல் வந்து, "செக்ரோல்ல என்னென்ன வார்த்தை வெச்சிருக்கற? எல்லாத்தையும் பிரிண்டு எடு. ஹனிமூன்ங்கறது இருக்குதான்னு நான் பாக்கோணும்" என்றார். செல்வி இதுவரைக்கும் முதல் இருபது வார்த்தைகளைத்தான் பார்த்து வந்தாள். வெள்ளை எழுத்தைப் போட்டு முடித்ததும் வார்த்தைகளை ஒவ்வொன்றாக அடிக்கச் சோம்பல்பட்டு, பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள் என்ற பட்டனை அழுத்தி விட்டிருந்தாள். பிரிண்டர் கரகரவென்று மூன்று தாள் துப்பியது. பொன்னுவேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை ஓட்டினார். "இதென்னம்மா, நாப்பத்தி ஏழாவதுல யாரோ லேஸுன்னு போட்டிருக்குது?"

வெள்ளை மேல் வெள்ளையாக இருந்தால் செக்ரோலுக்கு என்ன? அது மெஷின்தானே. மனுசன் கண்ணுக்குத் தெரியாததையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிருக்கிறது. வாராவாரம் மற்ற வார்த்தைகளோடு அண்ணன் பேரையும் கூப்பிட்டிருக்கிறது.

செல்வி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. செக்ரோல் ஓடுவது திங்கட்கிழமை காலை. அவன் வருவது ஞாயிறு இரவு. இது வேறு, அது வேறு என்று நெஞ்சைத் தடவிக்கொண்டாள். இருந்தாலும் மரியதாஸுக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, அந்த சாஃப்ட்வேர் தேடிப் பாக்கறதோட சரிதானுங்களே? நம்ம பக்கத்துக்குள்ள வராதுங்களே?"

"வருமுங்க. கெடச்ச எடத்துலருந்து அழுத்தித் தொறந்து, பக்கம் நல்லா இருக்குதான்னு பாத்துட்டுத்தான் போகும். அதானுங்க அதோட விசேசமே."

"அது திங்கக்கெழம காலைலங்க. கணக்குல ஞாயித்துக்கெழம ராத்திரின்னு போடுதுங்களே."

"கணக்கு எழுதற கம்பெனி அமெரிக்காவுல இருக்குதுங்க. நமக்கு இங்க திங்கக்கெழம விடிஞ்சு பத்து மணின்னா, அவங்களுக்கு அங்க ஞாயித்துக்கெழம ராத்திரிங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, வேறே ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்.

பேர் கூப்பிட்டதும் அதுதான், 'இருக்கேனுங்க' என்று சொன்னதும் அதுதான். அவ்வளவு புரிந்த பிறகும் மனசு விடுமா? அண்ணனும் அதே நேரத்தில் தேடியிருக்கலாமே, இரண்டு வருகையும் ஒரே வரியில் விழுந்திருக்கலாமே என்று பிடித்துக்கொண்டு தொங்கியது. தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. செக்ரோலிலிருந்து அந்தப் பேரை எடுத்துவிடவேண்டும், பக்கத்தில் அப்படியே விட்டுவிடவேண்டும். அவன் இருந்தால் அவனாக வருவான்.

வெள்ளியும் சனியும் அவளால் எடுக்க முடியவில்லை. ஞாயிறு பூசையில் உட்கார்ந்துகொண்டு, ஒருத்தரைச் சாகடிக்கப் போகிறவள் நற்கருணை வாங்கலாமா என்று யோசித்து, வாங்காமலேயே எழுந்து வந்தாள். திங்கட்கிழமை ஒன்பதரைக்கு லாட்ஜுக்கு வந்து நாற்பத்தேழாவது வரியில் வைத்து அழித்தாள். நிச்சயமா என்று மெஷின் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். பத்து பத்துக்கு மோடம் கீச்சிட்டது. எஞ்சினுக்கு எஞ்சின் போய், வார்த்தைக்கு வார்த்தை தட்டி, அமைதியானது. அதுவரைக்கும் சிலுவைக்குறி போட்ட கையை அவள் கீழே இறக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை கணக்கு வந்தது. ஏற்காடு இருந்தது, இருபத்திரண்டு தப்பு எழுத்தில் பதினாறு இருந்தது, ஹனிமூன்கூட இருந்தது. அடிவரைக்கும் மூன்று தடவை இறக்கிப் பார்த்தாள். அவன் வரவில்லை.

மத்தியானமே வீட்டுக்குப் போனாள். சாந்தாமேரி முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "ஏன் கண்ணு, இந்நேரத்துக்கு வந்துட்டே? ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

செல்வி நின்றுகொண்டே சொன்னாள். "அண்ணி, அண்ணனைத் தேடினது நான்தானுங்க. நான் வெச்ச மெஷினே தேடி, மெஷினே வந்து பாத்துட்டுப் போயிருக்குது. எனக்குத் தெரியலைங்க அண்ணி. மாதாமேல சத்தியமாத் தெரியலை. நேத்து அந்தப் பேரை எடுத்துட்டேன். யாரும் வரலை."

"யாருமேவா?"

"யாருமே வரலைங்க."

திட்டுவாள், முறத்தைத் தூக்கி எறிவாள் என்றுதான் செல்வி நினைத்தாள். சாந்தாமேரி முறத்தை மெள்ள ஓரமாகத் தள்ளி வைத்தாள். ஒன்பது வருசமாக ஒரு தந்தி இல்லை, ஒரு கடிதம் இல்லை, பிணம் இல்லை. ஆயர் இல்லத்துக் காகிதம்கூட 'இறந்தவராகக் கருதலாம்' என்றுதான் சொன்னது. இறந்துவிட்டார் என்று நேரில் வந்து நின்று சொல்ல ஒரு மனுசர் அவளுக்கு இருந்ததில்லை. சாவுச் சேதி வந்தால் எந்த வீட்டிலும் முதலில் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள்.

"எத்தன மணிக்கு?"

செல்விக்கு முதலில் விளங்கவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

"நேத்துக் காலைலங்க அண்ணி. பத்து பத்துக்கு."

சாந்தாமேரி மாரில் அடித்துக்கொண்டு, "என்னைப் பெத்த மாதாவே" என்று பெருங்குரலெடுத்து அழுதாள். ஒன்பது வருசத்தில் ஒரு நாளும் அவள் அப்படி அழுததில்லை. பக்கத்துக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த கண்ணாயி களைக்கொட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்து, "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று பதறினாள்.

"எங்க ஊட்டுக்காரரு போயிட்டாரு கண்ணாயி. நேத்துக் காலைல பத்து மணிக்கு" என்றாள் சாந்தாமேரி.

செல்வி அடுப்படிக்குப் போய்ப் பெரிய அண்டாவை எடுத்து வைத்து, இரண்டு பேர் தலைக்கு ஊற்றிக்கொள்ளப் போதுமான தண்ணீரை மொண்டு ஊற்றினாள்.